இரண்டடியில் ஒரு கடல்: பின்னறை வடிகட்டியோடு மென்பவளத் தொட்டி கட்டும் முழு வழி

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டிலிருந்து தேங்காய்ப்பட்டணம் கடலுக்கு பைக்கில் அரை மணி நேரம் போதும். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது உப்புநீர்த் தொட்டி வைப்பதில் என்ன கஷ்டம் என்றுதான் இங்கே யாரும் கேட்பார்கள். இரண்டு கேன் கடல் தண்ணீர், ஒரு சாக்கு மணல், கரமடி வலையில் ஏறிய நாலு சின்ன மீன். நானும் 2016-இல் அப்படி நினைத்துத்தான் தொடங்கினேன். மூன்று மாதத்தில் தொட்டி முழுக்க முடிப்பாசி படர்ந்தது, மீன் ஒன்றும் மிஞ்சவில்லை. கடல் பக்கத்தில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டுத்தான் இந்தத் தொட்டியைக் கட்ட வேண்டும் என்பது அப்போது புரிந்தது. மணல், கல், தண்ணீர், உயிர் எதையுமே கரையிலிருந்து எடுக்காத தொட்டி ஒன்றைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். இரண்டடி நீளம். வடிகட்டி தனிப்பெட்டியாக இல்லாமல் தொட்டியின் பின்புறத்திலேயே மூன்று அறைகளாக இருக்கும்.

கரையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியவை

முதலில் பவளக்கல். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001-இல் கடல் உயிர்கள் பல சேர்க்கப்பட்டன. கல்போன்ற கூடு கட்டும் பவளங்கள் அத்தனையும், கரும்பவளமும், தீப்பவளமும், கடல் விசிறியும், கடல் குதிரையும் அதில் உண்டு. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. உயிரோடு இருந்தாலும் கரையில் ஒதுங்கிய வெள்ளை எலும்புக்கூடாக இருந்தாலும் வீட்டில் வைப்பது குற்றம். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் கல்பவளத் தொட்டியை இங்கே கட்ட முடியாது, கட்டவும் கூடாது. நமக்கு மென்பவளங்கள் போதும். காளான் பவளமும் பொத்தான் பவளமும் தோல் பவளமும் அசைகிற அழகுக்கு எதுவும் குறைவில்லை.

இரண்டாவது மணல். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரையில் நடந்தவர்களுக்கு அந்தக் கறுத்த மணல் தெரியும். இல்மனைட், கார்னெட், சிர்க்கான், தோரியம் கலந்த மோனசைட் எல்லாம் சேர்ந்த கனிம மணல் அது. அதைப் பிரிக்கத்தான் அங்கே மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல்-இன் ஆலையே இருக்கிறது. இரும்பு கலந்த கனிமத்தை உப்புத் தண்ணீரில் மாதக்கணக்காக ஊறப்போட்டு, அதன் மேல் நுண்ணுயிர் வளர்க்கப் பார்ப்பது வீண் வேலை. கனிம மணலை அள்ளுவது சட்டப்படியும் தவறு.

மூன்றாவது தண்ணீர். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் குழித்துறை ஆறு செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. டிசம்பர், ஜனவரியில் வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீரோட்டம் குமரிமுனையைச் சுற்றி இந்தப் பக்கம் வருகிறது. ஆண்டு முழுக்க ஒரே மாதிரி தண்ணீர் நம் கரையில் கிடைக்காது. எழுபது, எண்பது லிட்டர் தொட்டிக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது.

நாலாவது, சமையல் உப்பு. புத்தளம் உப்பளத்தில் இருந்து வரும் கல்லுப்பைக் கரைத்தால் கடல் தண்ணீர் ஆகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணச்சத்து முதலிலேயே அடியில் படிந்துவிடும். மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்புநீரோடு வெளியே போய்விடும். நடுவில் படிவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். பவளத்துக்கு வேண்டிய இரண்டும் அதில் போதிய அளவு இருக்காது. கல்லுப்புக்கு இந்த வேலையில் வேறொரு நல்ல இடம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பின்னறை ஏன்?

தொட்டிக்குக் கீழே தனி வடிகட்டித் தொட்டி வைப்பது பெரிய தொட்டிக்காரர்களின் வழக்கம். அதில் கரண்ட் போகும்போது மேல்தொட்டித் தண்ணீர் குழாய் வழியே கீழே இறங்கும். கீழே இடம் பத்தாவிட்டால் தரையெல்லாம் உப்புத் தண்ணீர். மழைக்காலத்தில் ஒரு ரப்பர் கொப்பு ஒடிந்து கம்பியில் விழுந்தால் அன்றைக்குப் பத்து தடவை கரண்ட் போய் வரும் ஊர் நம்முடையது. பின்னறைத் தொட்டியில் காட்சிப் பகுதியும் வடிகட்டியும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. மோட்டார் நின்றால் இரண்டு பக்கத்து மட்டமும் சமமாகும், அவ்வளவுதான். வெளியே ஒரு சொட்டு வராது. நம் ஊருக்கு இந்த அமைப்பைப் பரிந்துரைக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

தண்ணீர் போகும் வழி இது. காட்சிப் பகுதியின் வலது மேல் மூலையில் ஒரு வழிந்தோடி. மேல்மட்டத் தண்ணீர் அதன் வழியே முதல் அறையில் விழுந்து, பஞ்சு வழியாக இறங்கி, அடியில் உள்ள இடைவெளியில் இரண்டாம் அறைக்குப் போகும். அங்கே நுண்ணுயிர் வாழும் வளையங்களின் ஊடே மேலேறி, ஒரு குட்டைத் தடுப்பைத் தாண்டி மூன்றாம் அறையில் விழும். அங்கே இருக்கும் மோட்டார் அதைத் திரும்பக் காட்சிப் பகுதிக்குத் தள்ளும்.

கண்ணாடி அளவுகள்

வெளி அளவு 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். வெளிச்சுவருக்கு 8 மி.மீ., உள்தடுப்புகளுக்கு 5 மி.மீ. மேலே பட்டி ஒட்டினால் சுவருக்கு 6 மி.மீ. போதும் என்பார்கள். நான் 8-இல் இருந்து இறங்கமாட்டேன். களியக்காவிளையில் எனக்குக் கண்ணாடி வெட்டித் தரும் அண்ணாச்சி, அளவுச் சீட்டைப் பார்த்ததும், "எட்டு மில்லி போடு மக்ளே, ராத்திரி நிம்மதியா உறங்கலாம்" என்றார். அவர் சொன்னபடி எட்டு ஆண்டுக்கு மேலாக உறங்கிக்கொண்டிருக்கிறேன்.

கடையில் கொடுக்க வேண்டிய சீட்டு (செ.மீ.):

அடிப்பலகை 60 × 45, ஒன்று, 8 மி.மீ.
முன், பின் சுவர் 60 × 39.2, இரண்டு, 8 மி.மீ.
பக்கச் சுவர் 43.2 × 39.2, இரண்டு, 8 மி.மீ.
பெரிய நடுத்தடுப்பு 44.2 × 38, ஒன்று, 5 மி.மீ. கருப்பு
சிறிய நடுத்தடுப்பு 14 × 34, ஒன்று, 5 மி.மீ. கருப்பு
உள்தடுப்பு அ: 9.8 × 32, ஒன்று, 5 மி.மீ.
உள்தடுப்பு ஆ: 9.8 × 30, ஒன்று, 5 மி.மீ.

எல்லா விளிம்பையும் உரசித் தரச் சொல்லுங்கள். நடுத்தடுப்பை இரண்டு துண்டாகக் கேட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே கண்ணாடியில் மூலையை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னால் உள்மூலையில் இருந்து விரிசல் ஓடும். குட்டைத் துண்டையும் நெட்டைத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் வழிந்தோடி தானாக அமைந்துவிடும். இரண்டும் சேரும் இடத்துக்குப் பின்னால் உள்தடுப்பு அ வருவதால் இணைப்புக்கு முதுகெலும்பும் கிடைக்கிறது. தடுப்புக்கு அக்ரிலிக் போடலாமா என்றால், வேண்டாம். சிலிக்கான் அக்ரிலிக்கில் சரியாகப் பிடிக்காது, ஓராண்டில் தோல் உரிவது போல உரியும்.

ஒட்டும் நாள்

சிலிக்கானில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாத்ரூம், ஜன்னலுக்கு விற்கும் வகைகள் பலவற்றில் பூஞ்சணக் கொல்லி கலந்திருக்கும். நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தை, நுண்ணுயிரை நம்பி ஓடும் தொட்டியில் பூசக் கூடாது. மீன் தொட்டிக்கு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். பிழியும்போது வினிகர் போலப் புளித்த வாடை வரும்.

கண்ணாடியின் ஒட்டும் விளிம்பையும், அது போய் உட்காரும் பரப்பையும் அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். துடைத்த பிறகு விரல் படக் கூடாது. தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டு இந்த வேலைக்கு உட்காராதீர்கள். ஒட்டு விட்டுப்போன தொட்டிகளை நான் பிரித்துப் பார்த்தபோதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணமாக இருந்திருக்கிறது. இணைப்பின் இரண்டு பக்கமும் 6 மி.மீ. விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடிப்பலகையைச் சமதளத்தில் வைத்து, முதலில் பின்சுவர், பிறகு இரண்டு பக்கம், கடைசியாக முன்சுவர். சுவர்கள் நாலும் அடிப்பலகையின் மேல் நிற்க வேண்டும், பக்கச் சுவர்கள் முன், பின் சுவர்களின் நடுவில் அடங்க வேண்டும். சிலிக்கானை இடைவெளி விடாமல் ஒரே கயிறு போலப் பிழிந்து, கண்ணாடியை மெதுவாக இறக்கி, ஒரு மி.மீ. சிலிக்கான் நடுவில் நிற்கும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். முழுக்கப் பிதுங்கி வெளியேறும்படி அழுத்தினால் ஒட்டு பலமிழக்கும். இந்தச் சிலிக்கான் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். நம் ஈரக்காற்றில் ஆறேழு நிமிடத்தில் மேலே ஆடை கட்டிவிடும், அதனால் டேப்பை உடனே உரித்துவிட வேண்டும். ஆடை கட்டிய பிறகு தொட்டால் இழுபட்டு அசிங்கமாகிவிடும்.

இரண்டு நாள் கழித்து உள்வேலை. பின்சுவரில் இருந்து 10 செ.மீ. தள்ளி நடுத்தடுப்புகள், வலது ஓரத்தில் குட்டையானது, மீதி நெட்டையானது. இரண்டும் சேரும் கோட்டுக்குப் பின்னால் தடுப்பு அ. அது அடியில் இருந்து 4 செ.மீ. மேலே நிற்க வேண்டும், இரண்டு மரக்கட்டையை அடியில் கொடுத்து ஒட்டி, காய்ந்ததும் கட்டையை எடுத்துவிடுங்கள். தடுப்பு அ-விலிருந்து 24 செ.மீ. இடப்பக்கமாகத் தடுப்பு ஆ, அடியோடு ஒட்டி. மீதமிருக்கும் பத்தொன்பது செ.மீ. சொச்சம் மோட்டார் அறை. உள்தடுப்புகளைப் பின்சுவரில் ஒட்டி நிறுத்திவிட்டு நடுத்தடுப்பைப் பொருத்துவது எனக்குக் கைவந்த வழி.

ஏழு நாள் சும்மா விடுங்கள். பிறகு சாதாரணத் தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து இரண்டு நாள் பாருங்கள். தாள் நனைந்தால் அந்த இணைப்பை மட்டும் தேய்த்து மூட முயலாதீர்கள். பழைய சிலிக்கான் மேல் புதியது பிடிக்காது, அந்த மூலை முழுவதையும் வழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

மட்டங்களின் கணக்கு

பின்னறைத் தொட்டியில் ஒரே ஆபத்து, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது வழிந்தோடி அடைத்துக்கொள்வது. ஒரு நத்தை அங்கே போய் உட்கார்ந்தால் போதும். அப்போது மோட்டார் தன் அறைத் தண்ணீரைக் காட்சிப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். மோட்டார் அறையில் வேலை மட்டம் 27 செ.மீ., மோட்டார் வாய் 6 செ.மீ. உயரத்தில் என்றால், அதிகபட்சம் வரக்கூடிய தண்ணீர் ஏறக்குறைய 4 லிட்டர். காட்சிப் பகுதியின் பரப்பு 58.4 × 32.9 செ.மீ. அந்த 4 லிட்டர் அங்கே மட்டத்தை 2 செ.மீ. சொச்சம் உயர்த்தும். வழிந்தோடியின் அடி 34 செ.மீ., அதன் மேல் ஒன்றரை செ.மீ. தண்ணீர் ஓடினால் காட்சி மட்டம் 35.5. சுவரின் விளிம்பு 39.2. மேலே 3.7 செ.மீ. காலி. வழிந்தோடி முழுக்க அடைத்தாலும் தொட்டி வழியாது. அளவை மாற்றிக் கட்ட நினைப்பவர்கள் வேறு எதை மாற்றினாலும் இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போங்கள்.

வழிந்தோடியின் வாயில் கருப்பு பிளாஸ்டிக் சீப்புத் தகடு செருகுங்கள், மீன் உள்ளே போகாது. மோட்டார் மணிக்கு 800 லிட்டர் போதும். அதன் குழாயை நடுத்தடுப்பின் மேல் விளிம்பைத் தாண்டி வளைத்து, வாயைத் தண்ணீருக்குள் ஒரு செ.மீ. மட்டும் அமிழ்த்துங்கள். காட்சிப் பகுதிக்குள் மணிக்கு 2000 லிட்டர் அளவில் ஒரு சிறிய அலை மோட்டார் தனியாக வேண்டும். மென்பவளம் அசைந்துகொண்டே இருந்தால்தான் மேலே படியும் அழுக்கை உதறும்.

முதல் அறையில் வெள்ளைப் பஞ்சு, இரண்டாம் அறையில் பீங்கான் வளையம். பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவவோ மாற்றவோ வேண்டும், விட்டால் அதில் தங்கும் அழுக்கே அழுகி நைட்ரேட்டாகும். அழுக்கை நுரையாகத் திரட்டி எடுக்கும் நுரை வடிகட்டி இந்த அளவுத் தொட்டிக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தை நல்ல உப்புக்குச் செலவிடுங்கள்.

மொத்த எடை 125 கிலோவுக்கு மேல் வரும். ஒன்றரை இஞ்சு சதுரக் குழாயில் வெல்டிங் வைத்த ஸ்டாண்டு, எபாக்ஸி பெயிண்ட் இரண்டு பூச்சு, மேலே ப்ளைவுட், அதன் மேல் அரை இஞ்சு தெர்மாகோல். உப்புக்காற்றில் சாதாரண பெயிண்ட் ஓராண்டு தாங்காது.

கல்லும் மணலும்

கடையில் பீங்கான் கல் கிடைக்கும். நான் சொந்தமாகச் செய்வேன், குளச்சல் பக்கம் சிப்பிக்கறி சாப்பிட்ட வீடுகளில் ஓடு இலவசமாகக் கிடைக்கிறதே. சிப்பி ஓட்டை ப்ளீச்சிங் கரைசலில் ஒரு வாரம் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டிச் சுத்தியலால் நொறுக்குங்கள். ஒரு பங்கு வெள்ளைச் சிமெண்ட், இரண்டு பங்கு நொறுக்கிய ஓடு, ஒரு பங்கு கல்லுப்பு. சுவருக்குப் பூசும் புட்டி வேண்டாம், அதில் ரசாயனப் பசை உண்டு. தண்ணீர் மிகக் குறைவாக, புட்டுமாவு பதத்துக்குப் பிசையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். ஈர மணலில் குழி பறித்து, அதில் இட்டு, நடுவில் விரலால் துளைகள் போட்டு இரண்டு நாள் மூடி வைத்தால் கல் தயார். பிறகு தண்ணீரில் போட்டால் கல்லுப்பு கரைந்துபோய் அந்த இடமெல்லாம் துளையாகும். நுண்ணுயிர் குடியேறப்போவது அந்தத் துளைகளில்தான்.

சிமெண்டின் காரம் இறங்க ஆறு வாரமாவது ஆகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். கல் ஊறிய தண்ணீரின் பிஎச் 8.4-க்குக் கீழே வந்து, மூன்று நாள் தண்ணீர் மாற்றாமல் விட்டும் ஏறாமல் நின்றால்தான் தொட்டிக்குள் அனுமதி. இங்கே அவசரப்பட்டால் எல்லாம் போகும். எட்டிலிருந்து பத்து கிலோ கல் போதும், மீன் நீந்த இடம் விடுங்கள்.

மணலுக்கு கடையில் விற்கும் அரகோனைட் என்னும் சுண்ண மணல், 3 செ.மீ. உயரத்துக்கு. ஒன்பது, பத்து கிலோ பிடிக்கும்.

தண்ணீர்

எங்கள் பக்கத்துச் செம்மண் கிணறுகள் பலவற்றில் பாத்திரத்திலேயே துருக்கறை படியும். கிணற்று நீரை நேராகப் பயன்படுத்த முடியாது. வீட்டு ஆர்ஓ போதும், ஆனால் சுவைக்காகத் தாது சேர்க்கும் கடைசிக் குடுவைக்கு முன்னாலேயே ஒரு கிளைக்குழாய் எடுத்து, மிஞ்சிய தாதுவையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குடுவையை அதில் பூட்டுங்கள். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும்.

தொட்டியில் கல், மணல் போக ஏறக்குறைய 75 லிட்டர் தண்ணீர் நிற்கும். லிட்டருக்கு 36, 37 கிராம் செயற்கைக் கடலுப்பு, அதாவது இரண்டே முக்கால் கிலோ. தனி டிரம்மில் தண்ணீரை முதலில் ஊற்றி, மோட்டார் ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து திரும்பக் கரையாது. உப்பளவு 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு; அடர்த்தி 1.026. மிதக்கும் கண்ணாடிக் குழல் நம்பகமில்லை, ஒளி வளைவை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பிபிடி கரைசலில் அளவு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே இருக்கும். எனவே குறைவதை ஈடுசெய்ய உப்புச் சேர்க்காத ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நான் ஒரு கல்யாணத்துக்குத் திருவனந்தபுரம் போய் நாலு நாள் தங்கியபோது, சின்னம்மா மகன் அக்கறையாக டிரம்மில் இருந்த உப்புத் தண்ணீரையே தினமும் ஊற்றியிருக்கிறான். திரும்பி வந்து அளந்தபோது உப்பளவு ஏறியிருந்தது. இரண்டு இறாலும் போயிருந்தன. சொல்லாமல் போனது என் தப்பு. இப்போது இரண்டு கேனிலும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மோட்டார் அறையின் வெளிச்சுவரில் 27 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மற்ற இடமெல்லாம் மட்டம் மாறாது, ஆவியான அளவு இந்த அறையில் மட்டும்தான் தெரியும்.

காத்திருக்கும் ஆறு வாரம்

தண்ணீர் நிரப்பியதும் மீன் வாங்க ஓடாதீர்கள். அழுகும் பொருளில் இருந்து அமோனியா வரும். ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் நஞ்சு. இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் வளையத்திலும் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அமோனியம் குளோரைடு கரைசல் சொட்டு சொட்டாக விட்டு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரை கொண்டுவாருங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு உரித்த இறாலை வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். பாட்டிலில் வரும் நுண்ணுயிர் சேர்த்தால் கொஞ்சம் வேகமாகும். 2 பிபிஎம் அமோனியா ஒரே நாளில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார்.

இடையில் பழுப்புப் பொடி போல ஒன்று மணல் மேல் படியும், பிறகு பச்சை வரும். பயந்து மருந்து போடாதீர்கள், தானாக அடங்கும்.

சூடு

ஹீட்டர் நமக்கு வேண்டாம், குளிர்விப்பதுதான் பாடு. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவிலும் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் வெளுத்துப்போனது கடல் சூடேறியதால்தான். கடலுக்கே அந்த நிலை என்றால், மார்ச்சிலிருந்து மே வரை நம் வீட்டுக்குள் 75 லிட்டர் தண்ணீர் என்ன பாடுபடும்? 25 முதல் 27 டிகிரி நல்லது, 28 வரை தாங்கும், 30 தாண்டினால் மென்பவளமும் சுருங்கும். கம்ப்யூட்டரில் வரும் 12 வோல்ட் சிறு ஃபேன் இரண்டை நீர்ப்பரப்பின் மேல் வீசும்படி வையுங்கள். இரண்டு, மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் ஆவியாகும். பாளையங்கோட்டைக் காற்று மாதிரி வறண்ட காற்றில் ஃபேன் இன்னும் நன்றாக வேலை செய்யும், நம் ஈரக்காற்றில் பலன் கொஞ்சம் குறைவுதான். எனவே தொட்டியை மேற்கு வெயில் படாத, ஓட்டுக்கூரை அறை இருந்தால் அந்த அறையில், வையுங்கள். விளக்கு எட்டு மணி நேரம் போதும், அதையும் சாயந்திரம் நாலிலிருந்து இரவு பன்னிரண்டு வரை வைத்துக்கொண்டால் உச்சிவெயிலின் சூடும் விளக்கின் சூடும் சேராது.

கரண்ட்

எல்லா ஒயரும் பிளக்குக்கு வரும் முன் ஒருமுறை கீழே தொங்கி ஏற வேண்டும், அப்போது ஒயர் வழியே வழியும் தண்ணீர் பிளக்கில் ஏறாமல் தொங்கலிலேயே சொட்டிவிடும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைத் தொட்டிக்கு என்று தனியாகப் போடுங்கள். உப்புத் தண்ணீரில் கை விட்டு வேலை செய்பவருக்கு அது உயிர்க்காப்பு.

ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாளிலேயே கைவிட்டுவிட்டது. அந்த நாட்களில் தொட்டியைக் காப்பாற்றியது டார்ச் பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் காற்று மோட்டார்தான். மீனுக்கு உணவை நிறுத்திவிட்டேன். மீன் சில நாள் பட்டினி கிடந்து பிழைக்கும், காற்றில்லாமல் ஒரு ராத்திரி தாங்காது. அந்த மோட்டாரையும் எட்டு பேட்டரியையும் இன்றைக்கும் தொட்டிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

உயிர்கள்

முதலில் நாலைந்து நத்தை, இரண்டு துறவி நண்டு. இரண்டு வாரம் கழித்து ஒரு ஜோடி கோமாளி மீன். விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்கவைக்கும் முறையைப் பல ஆண்டு முன்பே நிறுவிவிட்டது. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அது தீனிக்குப் பழகியிருக்கும், கடலில் பிடித்ததைவிட நோய் குறைவு. "சேட்டா, இது ஹேச்சரியா?" என்று பாறசாலைக் கடையில் நான் கேட்காமல் வாங்குவதில்லை. இந்தத் தொட்டிக்கு மூன்று சிறிய மீன்தான் எல்லை. விழிஞ்ஞம் சாகரிகா மீன் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு நாலாவதுக்கு ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாதம் பவளம். காளான் பவளம் கீழே, நிழல்பட. பொத்தான் பவளம் நடுவில். தோல் பவளம் மேலே, தண்ணீர் ஓட்டத்தில். பில் வாங்குங்கள், வாங்கும் நாளில் சட்டத்தின் அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். பொத்தான் பவளங்களில் சில பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சை வைத்திருக்கும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடவோ வெட்டவோ வேண்டாம். அது ஒட்டிய கல்லை ஒருபோதும் வெந்நீரில் போடாதீர்கள், ஆவியே ஆளைச் சாய்க்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்த்துக் காளான் பவளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தொட்டி இருக்கும் அறையில் கொசு ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. அந்த மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கொசுவைப் போலவே நஞ்சு. கொசுவலைக்கு மாறுங்கள். மீன் நோய்க்குத் தரும் செம்பு மருந்தும் இதற்குள் போகக் கூடாது, நத்தையும் இறாலும் பவளமும் போய்விடும்.

வாராவாரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழெட்டு லிட்டர் எடுத்துவிட்டு, அதே உப்பளவில், அதே சூட்டில் புதியது ஊற்றுங்கள். காரத்தன்மை அதன் அலகான டிகேஎச்-இல் 8 முதல் 9, கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம் இருக்க வேண்டும். மென்பவளத் தொட்டிக்கு இந்தத் தண்ணீர் மாற்றமே இவற்றைப் பிடித்து வைக்கும், தனி மருந்து வேண்டாம். கண்ணாடியைத் துடைக்க ஒரு பழைய ஏடிஎம் கார்டு போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரைக் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள்.

வளர்ந்து அதிகமான எதையும் தேங்காய்ப்பட்டணம் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள், வேறு கடலில் இருந்து வந்த உயிரும் நோயும் நம் கரையில் பரவும். இன்னொரு தொட்டிக்காரருக்குக் கொடுங்கள். மாற்றி எடுத்த தண்ணீரை வாழை மூட்டிலும் நல்லமிளகுக் கொடியிலும் ஊற்றினால் கருகும். தென்னை தாங்கும். எங்கள் வீட்டில் கிணற்றில் இருந்து தள்ளி நிற்கும் ஆறு தென்னைக்கு, வாரம் ஒன்று என்று முறை வைத்து ஊற்றுகிறோம்.